நர்சிங் சேர ஜூன் மாதம் ஓடாதீர்கள்!

பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு என் கிளினிக்குக்கு வரும் தாய்மார்களில் பலர், தங்கள் மூட்டுவலியைச் சொல்வதற்கு முன்னால் மகளின் மார்க்கைச் சொல்வார்கள். பிறகு ஒரு பெருமூச்சு. "டாக்டருக்குக் கிடைக்கலைங்க. நர்சிங்காவது சேர்த்து விட்டுடலாமான்னு பார்க்கிறோம். நீங்க என்ன சொல்றீங்க டாக்டர்?"

அந்த 'ஆவது' இருக்கிறதே, அதுதான் என்னை உறுத்துகிறது. சோறு இல்லையென்றால் கஞ்சியாவது என்கிற மாதிரி! டாக்டர் படிப்பில் மிஞ்சிப் போனது அல்ல நர்ஸ் படிப்பு. அது தனித் தொழில், தனிப் பயிற்சி. அதற்கென்று ஒரு தனி மனசும் உடம்பும் வேண்டும்.

திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும். வைத்தியத்துக்கு நான்கு அங்கங்கள் என்கிறார் வள்ளுவர். நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து கவனித்துக் கொள்பவர். அந்த நாலாவது ஆளை மருத்துவருக்கு எடுபிடியாக அவர் சொல்லவில்லை. சமமாக உட்கார வைத்திருக்கிறார். சித்த மருத்துவம் படித்த எங்களுக்கு இது அனுபவத்திலும் தெரியும். பத்தியம் பார்த்து, வேளை தவறாமல் மருந்து கொடுக்க ஆள் இல்லாத வீட்டில் எவ்வளவு உயர்ந்த செந்தூரமும் வேலை செய்யாது.

நம் சென்னைப் பொது மருத்துவமனையில் நர்ஸ் பயிற்சி தொடங்கியது 1871-ல். வேலூரிலும் டெல்லியிலும் அது பட்டப்படிப்பாக ஆனது 1946-ல். இவ்வளவு காலம் ஆகியும் நம் நடுத்தரக் குடும்பங்களில் நர்ஸ் படிப்பு இன்னும் 'ஆவது' பட்டியலில்தான் இருக்கிறது. விளைவு என்ன? எட்டாம் வகுப்பிலிருந்து டாக்டர், டாக்டர் என்று சொல்லி வளர்த்த பெண்ணை ஜூன் மாதம் அவசர அவசரமாகக் கிடைத்த நர்சிங் கல்லூரியில் தள்ளி விடுகிறோம். முதல் வாரம் வார்டில் ஒரு புண்ணைப் பார்த்ததும் அந்தப் பெண் மயக்கம் போட்டு விழுகிறாள். ஆறாவது மாதம் "எனக்கு இது வேண்டாம்மா" என்று போனில் அழுகிறாள். அவள் மேல் தப்பே இல்லை.

அதனால்தான் சொல்கிறேன். நர்சிங் என்று நினைத்தால் ஒன்பது, பத்தாம் வகுப்பிலேயே நினையுங்கள். மூன்று வருஷம் கையில் இருக்கும்போது செய்ய வேண்டியதை மூன்று வாரத்தில் செய்ய முடியாது.

முதல் திருப்பம் பத்தாம் வகுப்பு முடித்த உடனே வருகிறது. பிளஸ் ஒன்னில் எந்த குரூப்? நிறைய வீடுகளில் "கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்து வை, எதுக்கும் ஆகும்" என்று சேர்த்து விடுகிறார்கள். எதற்கும் ஆகலாம், பி.எஸ்சி. நர்சிங்குக்கு ஆகாது. இயற்பியல், வேதியியல், உயிரியல் (அல்லது தாவரவியலும் விலங்கியலும்) படித்திருந்தால்தான் அந்தக் கதவு திறக்கும். இந்தப் பாடங்களோடு ஆங்கிலமும் சேர்த்து குறைந்தது 45 சதவீதம் வேண்டும், சேரும் வருஷம் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிரம்ப வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு மதிப்பெண்ணில் தளர்வு உண்டு. 45 என்பது விண்ணப்பம் போடத்தான். அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்க அதைவிட எவ்வளவோ மேலே போக வேண்டும்.

பி.எஸ்சி. நான்கு வருஷம். அது கிடைக்காவிட்டால் ஜி.என்.எம். என்கிற மூன்று வருஷப் பட்டயப் படிப்பு இருக்கிறது. கவுன்சில் விதிப்படி இதற்கு அறிவியல் குரூப் கட்டாயமில்லை. படித்திருந்தால் நல்லது என்கிறார்கள். 'டிப்ளமோதானே' என்று முகம் சுளிக்காதீர்கள். ஜி.என்.எம். முடித்துப் பதிவு செய்த பிறகு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. இரண்டு வருஷம், அதற்குப் பின் எம்.எஸ்சி. என்று வழி மேலே போய்க்கொண்டே இருக்கிறது. கிராம சுகாதார நர்ஸ் வேலைக்கு அடிப்படையான ஏ.என்.எம். இரண்டு வருஷம்.

எங்கள் துறையில் 'நர்சிங் தெரபி' என்று ஒரு பட்டயப் படிப்பு உண்டு. சித்தா, ஆயுர்வேதம் போன்ற இந்திய மருத்துவ முறைகளுக்கானது அது. நல்ல படிப்புதான். ஆனால் அதைப் படித்துவிட்டு அலோபதி ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ் ஆகலாம் என்று நினைத்துச் சேர்ந்துவிடாதீர்கள். இது வேறு, அது வேறு.

தமிழ்நாட்டில் அரசு ஒதுக்கீட்டு பி.எஸ்சி. இடங்களுக்கு இதுவரை பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு தரவரிசை போட்டுக் கலந்தாய்வு நடத்துகிறது. ராணுவ நர்சிங் கல்லூரிகளுக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் நீட் எழுதியிருக்க வேண்டும். எய்ம்ஸ் தனியாக நுழைவுத் தேர்வு வைக்கிறது. "நர்சிங்குக்கு எதுக்கு நீட்?" என்று விண்ணப்பமே போடாமல் விட்டு, பிறகு ராணுவக் கல்லூரியைப் பற்றிக் கேள்விப்பட்டுக் கையைப் பிசைகிற பெண்களைப் பார்க்கிறேன். ராணுவத்தில் படிப்பும் கொடுத்து, முடித்ததும் அதிகாரி அந்தஸ்தில் வேலையும் கொடுக்கிறார்கள். நர்சிங் கவுன்சிலின் இடத்தில் தேசிய ஆணையம் ஒன்றை அமைக்க 2023-ல் சட்டம் வந்துவிட்டதால் விதிகள் மாறக்கூடும். பக்கத்து வீட்டு அக்கா போன வருஷம் எப்படிச் சேர்ந்தாள் என்பதை வைத்து முடிவு செய்யாமல், அந்தந்த வருஷத்துத் தகவல் கையேட்டை வரி விடாமல் படியுங்கள். சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழ் எல்லாவற்றையும் பரீட்சை முடிந்த கையோடு வாங்கி வைத்துவிட்டால் பிறகு அலைச்சல் இல்லை.

இனி நான் கொஞ்சம் கோபமாகவே எழுதப் போகிறேன். பொறுத்துக் கொள்ளுங்கள்.

ஒவ்வொரு ஊரிலும் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் ஒரு போர்டு தொங்குகிறது. 'நர்சிங் பயிற்சி, ஓராண்டு, நூறு சதவீத வேலை வாய்ப்பு, பத்தாம் வகுப்பு பாஸ் அல்லது பெயில்.' வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண்ணின் படம் வேறு. அங்கே ஒரு வருஷம் பணம் கட்டிப் படித்து வெளியே வரும் பெண் சட்டப்படி நர்ஸ் இல்லை. மாநில நர்சிங் கவுன்சிலில் அவளால் பதிவு செய்துகொள்ள முடியாது. பதிவு எண் இல்லையென்றால் அரசு வேலை இல்லை, நல்ல ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ் பதவி இல்லை, வெளிநாடு இல்லவே இல்லை. சின்ன நர்சிங் ஹோமில் குறைந்த சம்பளத்துக்கு உதவியாளாக நிற்க வேண்டியதுதான். உதவியாள் வேலையை நான் இழிவாகச் சொல்லவில்லை. அதை நர்ஸ் படிப்பு என்று பெயர் வைத்து விற்பதைத்தான் சொல்கிறேன். ஊசி போடும் கையில் அந்தப் படிப்பு இல்லையென்றால் ஆபத்து யாருக்கு? படுக்கையில் கிடக்கும் உங்களுக்கும் எனக்கும்தான்.

அடுத்தவர், ஏஜெண்ட். மே மாதம் வீட்டு வாசலில் வந்து உட்காருவார். "பக்கத்து ஸ்டேட்ல பெரிய காலேஜுங்க, சீட் நாலுதான் இருக்கு, நாளைக்கே அட்வான்ஸ் கட்டிடுங்க" என்பார். கட்டாதீர்கள். முதலில் மூன்று இடத்தில் விசாரியுங்கள். அந்தக் கல்லூரியின் பெயர் இந்திய நர்சிங் கவுன்சில் வெளியிடும் பட்டியலில் இருக்கிறதா? அந்த மாநில நர்சிங் கவுன்சில் அங்கீகரித்திருக்கிறதா? எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது? நம் மாநிலத்தில் பட்டப்படிப்பு என்றால் கிண்டியில் இருக்கும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். வெளி மாநிலம் என்றால் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: அங்கே படித்து வந்தால் தமிழ்நாடு நர்ஸஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சிலில் பதிவு செய்துகொள்ள முடியுமா? ஏஜெண்டிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை. கவுன்சில் அலுவலகத்திலேயே கேளுங்கள்.

கல்லூரியை நேரில் போய்ப் பாருங்கள். கட்டடத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். "ஆஸ்பத்திரி எங்கே?" என்று கேளுங்கள். நர்சிங் பாதி வகுப்பறையிலும் பாதி படுக்கையோரத்திலும் கற்கிற வித்தை. நோயாளி நிறைந்த வார்டு இல்லாத கல்லூரியில் படிப்பது தண்ணீர் இல்லாத கிணற்றில் நீச்சல் பழகுவது மாதிரி. அங்கே படிக்கும் மூன்றாம் வருஷப் பெண் ஒருத்தியை ஓரமாகக் கூப்பிட்டு, "எத்தனை பிரசவம் பார்த்திருக்கேம்மா?" என்று கேளுங்கள். அவள் பதிலில் எல்லாம் தெரிந்துவிடும். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு, நடுவில் விலகினால் மொத்தப் பணமும் கட்டு என்று மிரட்டுகிற இடங்களும் இருக்கின்றன. சேரும்போதே அதைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

பணத்தையும் மறைக்காமல் பேசுவோம். தனியார் ஆஸ்பத்திரிகளில் நர்ஸின் தொடக்கச் சம்பளம் பல இடங்களில் வெட்கப்படும்படி இருக்கிறது. அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் போட்டி போட்டு வர வேண்டும். ஜெர்மனி போனால் லட்சம் லட்சமாக என்கிறார்கள். போகலாம்தான், ஆனால் ஜெர்மன் மொழி படித்துத் தேர்வு எழுதிய பிறகு. எனவே பெரிய நன்கொடையும் கடனுமாகச் சேர்ப்பதற்கு முன், உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் ஆன நர்ஸுக்கு மாதம் எவ்வளவு வருகிறது என்று விசாரித்து, மாதத் தவணையை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சரி, உங்கள் பிள்ளைக்கு இது பொருந்துமா? இதற்கு ஆலோசகரிடம் போக வேண்டியதில்லை. வீட்டில் பாட்டி இருக்கிறார் அல்லவா? சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை என்று ஒரு டப்பா நிறைய வைத்திருப்பார். அந்தப் பொறுப்பை ஒரு மாதம் பத்தாவது படிக்கும் மகளிடம் கொடுங்கள். மகனிடமும் கொடுக்கலாம், பி.எஸ்சி. நர்சிங்கில் ஆண்களும் சேர்கிறார்கள், இன்று ஐ.சி.யூ.விலும் எலும்பு முறிவு வார்டிலும் அவர்களைப் பார்க்கலாம். ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, நேரம், மாத்திரை பெயர், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, இவற்றை எழுதச் சொல்லுங்கள். முதல் நாள் எல்லோரும் செய்வார்கள். மூன்றாம் நாளும் பத்தாம் நாளும் அதே மாதிரி எழுதுகிறாளா என்று பாருங்கள். பாட்டி "எனக்கு வேண்டாம் போ" என்று எரிந்து விழும்போது முகம் சுளிக்காமல் மாத்திரையைக் கொடுக்கிறாளா? தம்பி வாந்தி எடுத்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறாளா, துணியை எடுத்துக்கொண்டு வருகிறாளா? அருவருப்பு இருப்பது தப்பில்லை. பழகப் பழகப் போகும். ஆனால் 'இது என் வேலை இல்லை' என்கிற எண்ணம் இருந்தால் அது சீக்கிரம் போகாது.

அன்பு இருந்தால் போதும், நர்ஸ் ஆகிவிடலாம் என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. அன்பு வேண்டும்; அதோடு கணக்கும் வேண்டும். உதாரணம் பாருங்கள். 500 மில்லி சலைன் எட்டு மணி நேரத்தில் ஏற வேண்டும் என்று டாக்டர் எழுதுகிறார். அந்தக் குழாயில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு. நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு? 500-ஐ 20-ஆல் பெருக்கினால் 10,000 சொட்டு. எட்டு மணி நேரம் என்றால் 480 நிமிஷம். வகுத்தால் ஏறக்குறைய 21. இன்னொன்று. பத்து கிலோ குழந்தைக்குக் காய்ச்சல். கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றால் 150. பாட்டிலில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது. அப்படியானால் 6 மில்லி. ஏழு, எட்டாம் வகுப்பு விகிதக் கணக்குதான்! ஆனால் ராத்திரி மூன்று மணிக்கு, தூக்கக் கண்ணோடு, நான்கு படுக்கையில் மணி அடிக்கும்போது தசமப் புள்ளி ஒரு இடம் தள்ளிப் போனால் மருந்து பத்து மடங்கு ஆகிவிடும். பயாலஜி குரூப் எடுத்ததும் 'கணக்கு ஒழிந்தது' என்று குதூகலிக்கும் பெண்களிடம் இதைச் சொல்லுங்கள். தினமும் கால்குலேட்டர் இல்லாமல் ஐந்து விகிதக் கணக்கு போதும்.

ஆங்கிலமும் அப்படித்தான். தமிழ் மீடியத்தில் படித்த பெண்கள் அறிவில் குறைந்தவர்கள் இல்லை. ஆனால் கல்லூரிப் பாடமும் கேஸ் ஷீட்டும் மருந்துச் சீட்டும் ஆங்கிலத்தில் இருக்கும்போது முதல் வருஷம் திணறிப் போகிறார்கள். இப்போதிருந்தே வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டையை, டானிக் பாட்டில் லேபிளை வாசித்து, தெரியாத சொல்லை அகராதியில் பார்க்கட்டும். பள்ளியில் ஜே.ஆர்.சி., என்.எஸ்.எஸ். இருந்தால் சேரட்டும், முதலுதவி வகுப்பு நடந்தால் விடக் கூடாது.

"ராத்திரி டூட்டின்னா மாப்பிள்ளை வீட்டுல என்ன சொல்வாங்க டாக்டர்?" இந்தக் கேள்வி இன்னும் நிற்கவில்லை. நான் திருப்பிக் கேட்பேன்: உங்கள் அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்து ஐ.சி.யூ.வில் படுத்திருந்தாரே, அன்று ராத்திரி பக்கத்தில் நின்றது யாருடைய மகள்? அநேகமாகப் பதில் வராது. வீட்டில் இந்த விஷயத்தைச் சேர்வதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் சம்மதம் இல்லாமல் சேர்ந்து, நாலு வருஷமும் வீட்டோடு சண்டை போட்டுக்கொண்டு ஒரு பெண் எப்படிப் படிப்பாள்?

கடைசியாக என் துறைக்கு வருகிறேன். உடம்பு.

வார்டில் முதல் நாள் மயங்கி விழும் பெண்களில் பாதிப் பேர் ரத்தத்தைப் பார்த்து விழுவதில்லை. காலையில் சாப்பிடாமல் வந்ததால் விழுகிறார்கள். வெறும் காபியோடு ஸ்கூலுக்கு ஓடிப் பழகிய உடம்பு ஆறு மணி நேரம் நிற்குமா? 2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. உங்கள் மகளுக்கு ஹீமோகுளோபின் எவ்வளவு என்று தெரியுமா? 12-க்குக் கீழே இருந்தால் அது ரத்தசோகைதான். பார்த்தால் சிவப்பாகத்தான் இருக்கிறாள் என்று விட்டுவிடாதீர்கள். நாடியும் பார்ப்போம், நாக்கும் பார்ப்போம். ரத்தப் பரிசோதனையும் செய்து விடுங்கள் என்றுதான் நான் சொல்வது.

முருங்கைக்கீரை, கரிசலாங்கண்ணிக் கீரை, கேழ்வரகு, எள்ளுருண்டை, அசைவம் சாப்பிடுபவர்கள் என்றால் ஈரல், இவை வாரத்தில் மாறி மாறி வரட்டும். கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சேர வேண்டியதும் சேராது. பள்ளியில் வாரம் ஒரு நாள் கொடுக்கும் நீல நிற மாத்திரையைப் பெண்கள் ஜன்னல் வழியே எறிகிறார்கள் என்று டீச்சர்கள் சொல்கிறார்கள். சாப்பிடச் சொல்லுங்கள். பூச்சி மாத்திரையும் அப்படியே. அன்னபேதிச் செந்தூரம் நல்ல மருந்து, நானும் கொடுக்கிறேன். ஆனால் அளவும் அனுபானமும் மருத்துவர் சொல்ல வேண்டும். கடையில் கேட்டு வாங்கி விழுங்குவது வேண்டாம். மாதவிலக்கு அதிகமாகப் போகிறது என்றால் கீரையை மட்டும் நம்பாமல் காரணத்தைப் பாருங்கள்.

பரீட்சை சமயத்தில் "ஞாபக சக்திக்கு வல்லாரை கொடுங்க" என்று வருகிறார்கள். கொடுக்கிறேன். ஆனால் ராத்திரி ஒரு மணி வரை போனைப் பார்த்துவிட்டு காலையில் வல்லாரை சாப்பிட்டால் என்ன நடக்கும்? இந்த வயதில் எட்டு மணி நேரத் தூக்கமாவது வேண்டும். ராத்திரி டூட்டி என்பது பிறகு வரப் போகிறது. அதற்கு இப்போதே 'பிராக்டீஸ்' எடுக்க வேண்டியதில்லை. இடுப்பும் காலும் உறுதியாக இருக்க தினம் அரை மணி நடை, இருபது தோப்புக்கரணம். நோயாளியைத் தூக்கித் திருப்பி முதுகு போன நர்ஸுகள் என் கிளினிக்கில் வாரம் ஒருவராவது வருகிறார்கள்.

இன்னும் ஒன்று. சித்த மருத்துவர் ஊசி போடச் சொல்கிறாரே என்று ஆச்சரியப்பட வேண்டாம். மஞ்சள் காமாலை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி, நோயாளியின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும். வார்டுக்குப் போகும் மாணவிக்கு இந்தத் தடுப்பூசி கட்டாயம் இருக்க வேண்டும். குழந்தையாக இருந்தபோது போட்ட அட்டையைத் தேடி எடுங்கள். போடவில்லை என்றால், அல்லது அட்டை கிடைக்கவில்லை என்றால், மருத்துவரைக் கேட்டு இப்போது போடுங்கள். மூன்று ஊசி. முதல் ஊசி போட்டு ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. அதன் பிறகு ஒன்றிரண்டு மாதம் கழித்து எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்று ஒரு ரத்தப் பரிசோதனை. அம்மை வந்ததா, அம்மைத் தடுப்பூசி போட்டதா என்பதையும் அப்போதே கேட்டுக் கொள்ளுங்கள். எண்ணிப் பாருங்கள், எல்லாம் முடிய எட்டு மாதம் ஆகிறது. கல்லூரி திறப்பதற்குள் முடிய வேண்டுமென்றால், பிளஸ் டூ படிக்கும்போதே, தீபாவளிக்கு முன்னால் முதல் ஊசி போட்டாக வேண்டும்.